டார்வினை மட்டும் தனியாக இயக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேக் ஓஎஸின் அடித்தளமான டார்வினின் மூலநிரலை ஆப்பிள் 1999 முதல் வெளியிட்டு வருகிறது. அதை இறக்கித் தொகுத்து, கையில் இருக்கும் பழைய கணினியில் லினக்ஸ் போல நிறுவிவிடலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது.

டார்வினில் என்னென்ன அடங்கும்?

எக்ஸ்என்யூ என்ற கெர்னல்தான் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நடுநாயகம். அதில் மூன்று பகுதிகள் உண்டு. நினைவகம், திரெட், செய்திப் பரிமாற்றம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் மாக், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கோப்பு முறைமை, நெட்வொர்க், புராசஸ், பயனர் அனுமதி எல்லாம் பிஎஸ்டி பகுதியில் வரும். இதில் பெரும்பங்கு ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து எடுத்தது. மூன்றாவது, டிரைவர்களுக்கான ஐஓகிட். இது சி பிளஸ் பிளஸ் மொழியின் ஒரு சுருங்கிய வடிவில் எழுதப்பட்டது.

கெர்னலுக்கு மேலே லிப்சிஸ்டம் நூலகம், டிஒய்எல்டி லோடர், ஷெல்கள், வழக்கமான யூனிக்ஸ் கட்டளைகள், பான்ஜூர் சேவை போன்றவை. டார்வின் இவ்வளவுதான். ஜன்னல்களை வரையும் விண்டோசர்வர், குவார்ட்ஸ், ஆப்கிட், மெட்டல், ஃபைண்டர் எதுவும் இதில் கிடையாது. அவற்றின் மூலநிரல் ஒருபோதும் வெளிவந்ததில்லை.

மேக்கின் டெர்மினலில் யுநேம் கட்டளையை -a என்ற விருப்பத்தோடு கொடுத்தால் டார்வினின் பதிப்பு எண் தெரியும். மேக் ஓஎஸ் பதிப்புகளில் பிக் சர் 20, மான்டரே 21, வென்ச்சுரா 22, சனோமா 23, செக்கோயா 24.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், தனியாக இயங்குமா?

ஆப்பிள் இன்று தரும் மூலநிரலை மட்டும் வைத்துக்கொண்டு, துவங்கி உள்நுழைவு வரை வரும் ஒரு இயங்குதளத்தை உருவாக்க முடியாது. 2005 வரை முடிந்தது. அப்போது ஆப்பிளே நிறுவல் வட்டு தந்தது. இன்று வேண்டுமென்றால் விடுபட்ட பகுதிகளை வேறு யாராவது எழுதியிருக்க வேண்டும், அல்லது மேக் ஓஎஸிலிருந்து மூடிய கோப்புகளைக் கடன் வாங்க வேண்டும். கடன் வாங்கினால் அது டார்வின் மட்டும் என்ற கணக்கில் வராது.

ஆப்பிள் தந்த பழைய நிறுவல் வட்டுகளை இப்போதும் பயன்படுத்தலாமா?

விளையாட்டுக்கும் படிப்புக்கும் பயன்படுத்தலாம். டார்வின் 6.0.2, 7.0.1, 8.0.1 ஆகியவை பவர்பிசி, எக்ஸ்86 இரண்டுக்கும் ஐஎஸ்ஓ கோப்புகளாக வந்தன. 8.0.1தான் கடைசி, மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4 டைகரின் காலம், 2005.

எக்ஸ்86 பதிப்பு ஏற்கும் வன்பொருள் பட்டியல் மிகச் சிறியது: இன்டெல் பிஐஐஎக்ஸ்4 வகை ஐடிஇ கன்ட்ரோலர், இன்டெல் 8255எக்ஸ் குடும்ப ஈதர்நெட், வெசா 2.0 ஏற்கும் வீடியோ அட்டை. இன்றைய கணினியில் இவை சேர்ந்து கிடைக்காது. அதனால் உண்மையான கணினியைவிட மெய்நிகர் இயந்திரமே நல்லது. கியூஈமு என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் பழைய பிசி வகையை எடுத்து, வட்டை ஐடிஇயாக இணைத்து, நெட்வொர்க் அட்டையாக 82557பி மாதிரியைக் கொடுத்துப் பாருங்கள். நினைவகத்தை 512 எம்பியோடு நிறுத்துங்கள், ஒரே ஒரு சிபியு போதும். லினக்ஸின் கேவிஎம் என்ற வன்பொருள் முடுக்கத்தோடு நின்றுபோனால் அதை அணைத்துவிட்டு முயலுங்கள்.

வந்து நிற்பது கறுப்புத் திரையில் ஒரு ஷெல். பாதுகாப்புத் திருத்தம் கிடைத்து இருபது ஆண்டு ஆகிறது. இணையத்தில் நேரடியாகத் திறந்துவிடாதீர்கள்.

2005க்குப் பிறகு ஏன் நின்றுபோனது?

இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. 2006 ஜனவரியில் இன்டெல் மேக்குகள் வந்தன. அவற்றின் கெர்னல் மூலநிரல் உடனே வெளிவரவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தது. மேக் ஓஎஸ் எக்ஸைச் சாதாரண பிசியில் ஓட்டுபவர்களைத் தடுக்கும் அக்கறை ஆப்பிளுக்கு அப்போது கூடியிருந்தது.

மற்றது சமூகத்தின் பக்கம். ஆப்பிளும் ஐஎஸ்சி என்ற அமைப்பும் 2002இல் தொடங்கிய ஓப்பன்டார்வின் திட்டம் 2006 ஜூலையில் மூடுவதாக அறிவித்தது. மூலநிரல் கிடைப்பதில் தாமதம், தொகுப்பதில் சிரமம், ஆப்பிளோடு பேச வழியின்மை, ஆர்வலர்கள் குறைவு ஆகியவற்றை அவர்களே காரணமாகச் சொன்னார்கள். வேறு திட்டங்களுக்கு இடம் கொடுக்கும் கிடங்காக மட்டுமே தாங்கள் ஆகிவிட்டதாகவும் சொன்னார்கள். அங்கே வளர்ந்த டார்வின்போர்ட்ஸ்தான் இன்று மேக்போர்ட்ஸ் என்ற பெயரில் நன்றாக வாழ்கிறது.

இந்தக் காரணங்களில் எதுவும் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஒவ்வொரு மேக் ஓஎஸ் வெளியீட்டுக்கும் பிறகு மூலநிரல் மொத்தமாகக் கொட்டப்படுகிறது. இடையில் யார், எந்த வரியை, எதற்காக மாற்றினார்கள் என்ற வரலாறு அதில் இருக்காது. வெளியாள் எழுதும் திருத்தம் உள்ளே போகும் வழக்கமும் இல்லை. படிக்கத் திறந்திருக்கிறது, பங்கெடுக்கத் திறக்கவில்லை. இயங்குதளத் திட்டம் ஒன்று உயிரோடு இருக்க இரண்டாவதுதான் முக்கியம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

குறிப்பாக எந்தெந்தப் பகுதிகள் விடுபட்டிருக்கின்றன? இல்லாவிட்டால் என்ன ஆகும்?

துவக்கத்திலிருந்தே வரிசையாகப் பார்க்கலாம். ஏனென்றால் அந்த வரிசையில்தான் ஒவ்வொன்றாக உதைக்கும்.

முதலில் பூட்லோடர். பவர்பிசி காலத்து பூட்எக்ஸின் மூலநிரல் வெளிவந்தது. பழைய பயாஸ் கணினிகளுக்கான பூட்-132 என்பதும் வெளிவந்தது. ஹாக்கின்டாஷ்காரர்களின் (ஆப்பிள் அல்லாத கணினியில் மேக் ஓஎஸை ஓட்டுபவர்களின்) கமீலியன் அதிலிருந்து கிளைத்ததுதான். ஆனால் இன்டெல் மேக்கின் ஈஎஃப்ஐ லோடரும் ஆப்பிள் சிலிக்கானின் ஐபூட்டும் மூடியவை.

லோடரைத் தாண்டினால் இயந்திரத்தின் பலகையை அடையாளம் காணும் டிரைவர் வேண்டும். இன்டெல் மேக்கில் அந்த வேலையைச் செய்வது ஆப்பிள்ஏசிபிஐபிளாட்ஃபார்ம் என்ற கெக்ஸ்ட் (கெர்னலோடு சேரும் நீட்சி), அதற்கு மூலநிரல் இல்லை. அது இல்லாவிட்டால் இந்த இயந்திரத்துக்கான டிரைவரைக் காணவில்லை என்ற பேனிக் (மீள முடியாத பிழை) செய்தியோடு கெர்னல் அங்கேயே நிற்கும். கெர்னல் கெட்டுவிட்டதாக நினைத்து மறுபடி மறுபடி தொகுப்பவர்கள் பலர். கெர்னலில் குற்றமில்லை, பக்கத்தில் இருக்க வேண்டிய கெக்ஸ்ட்தான் இல்லை.

பிறகு குறியாக்கம். கெர்னல் தனக்கு வேண்டிய ஹாஷ், ரேண்டம் எண்கள் போன்றவற்றுக்கு கோர்கிரிப்டோ கெக்ஸ்ட்டை நம்பியிருக்கிறது. கோர்கிரிப்டோவின் மூலநிரலை ஆப்பிள் பார்க்கத் தருகிறது. ஆனால் அதன் உரிமம் சரிபார்ப்புக்காக மட்டும், அதுவும் குறுகிய காலத்துக்கு மட்டும். எடுத்து உங்கள் இயங்குதளத்தில் சேர்த்துப் பகிர முடியாது.

அடுத்தது வட்டு. ஐஓகிட்டின் சேமிப்புக் குடும்பமும் பிசிஐ குடும்பமும் திறந்தவை. ஆனால் சாட்டா வட்டைப் பேசவைக்கும் ஏஎச்சிஐ டிரைவர் திறந்ததல்ல. இந்தக் கட்டத்தில் சிக்கினால், ரூட் சாதனத்துக்காக இன்னும் காத்திருக்கிறேன் என்ற வரி திரையில் நிமிடத்துக்கு நிமிடம் வந்துகொண்டே இருக்கும். கோப்பு முறைமையில் எச்எஃப்எஸ் பிளஸ் திறந்தது, ஏபிஎஃப்எஸ் மூடியது. அதனால் எதை முயன்றாலும் வட்டை எச்எஃப்எஸ் பிளஸ்ஸாகவே அமைக்க வேண்டும்.

வட்டு கிடைத்துவிட்டது என்று வையுங்கள். கெர்னல் இப்போது முதல் புராசஸைத் தொடங்கும். அதுதான் லாஞ்ச்டி. பல ஆண்டுகள் அப்பாச்சி உரிமத்தில் திறந்திருந்த லாஞ்ச்டி, 2014இல் வந்த யோசெமிட்டியிலிருந்து மூடிய லிப்எக்ஸ்பிசியோடு சேர்த்துப் புதிதாக எழுதப்பட்டது. மூலநிரல் வருவதும் நின்றது. எங்கள் பார்வையில் டார்வினைத் தனியாக ஓட்டும் முயற்சிக்கு விழுந்த மிகப் பெரிய அடி இதுவே. டிரைவரை யாராவது எழுதிவிடலாம். ஆனால் எல்லாச் சேவைகளும் தொங்கிக்கொண்டிருக்கும் கொக்கியே போனால் மேலே உள்ளதை எல்லாம் மாற்றி எழுத வேண்டும். லாஞ்ச்டி கோப்பு அந்த இடத்தில் இல்லாவிட்டால் கெர்னல் உடனே பேனிக் ஆகும்.

இதற்கெல்லாம் மேலே வைஃபை, ஜிபியு டிரைவர்கள். இவை என்றுமே திறந்ததில்லை. யூஎஸ்பியும் 2015இல் எல் கேப்பிட்டனோடு புதிய அடுக்குக்கு மாறியபோது மூடிய பக்கம் போய்விட்டது.

பியூர்டார்வின் இந்த ஓட்டைகளை அடைத்துவிட்டதா?

சிலவற்றை. ஓப்பன்டார்வின் மூடிய அடுத்த ஆண்டு, 2007இல் தொடங்கிய தன்னார்வலர் திட்டம் இது. 2008 டிசம்பரில் வந்த எக்ஸ்மஸ் பதிப்பு டார்வின் 9ஐ அடிப்படையாகக் கொண்டது. எக்ஸ்11 வரைகலைத் திரையோடு மெய்நிகர் இயந்திரத்தில் ஓடியது. பிறகு வந்த 17.4 பீட்டா, ஹை சியராவின் டார்வின் 17ஐ ஒட்டியது.

புதியதில் அவர்கள் செய்த சமரசங்களைக் கவனித்தால் பிரச்சினை எங்கே என்பது நன்றாகப் புரியும். லாஞ்ச்டிக்கு மேவரிக்ஸ் காலத்துக் கடைசித் திறந்த பதிப்பான 842ஐ எடுத்துக்கொண்டார்கள். கோர்கிரிப்டோவின் இடத்தில் தாங்களே ஒரு மாற்று நூலகத்தை எழுதி வைத்தார்கள். 17.4 மெய்நிகர் வட்டுக் கோப்பாகக் கிடைக்கிறது. கியூஈமுவில் ஏற்றினால் உரைத்திரையும் ஷெல்லும் வரும். தினசரி வேலைக்கு ஆகாது; டார்வின் துவங்கும் விதத்தைக் கண்ணால் பார்க்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கிறது. உங்களுக்கு கெர்னல் வேலை தெரியும் என்றால் அவர்களுக்குக் கை கொடுங்கள்.

எக்ஸ்என்யூவை நானே தொகுக்க முடியுமா?

முடியும், ஆனால் மேக் வேண்டும், ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோட் வேண்டும். எக்ஸ்கோட் பதிப்பு அந்த கெர்னல் வெளிவந்த காலத்ததாக இருக்கட்டும். எச்சரிக்கைகளையும் பிழையாகக் கருதும்படி கெர்னலின் தொகுப்பு விதிகள் எழுதப்பட்டிருப்பதால், புது கம்பைலர் புதிதாக ஒரு எச்சரிக்கை கொடுத்தாலே வேலை நின்றுவிடும்.

கெர்னலை மட்டும் இறக்கினால் போதாது. டிட்ரேஸ், அவெய்லபிலிட்டிவெர்ஷன்ஸ், லிப்பிளாட்ஃபார்ம், லிப்டிஸ்பேட்ச் ஆகிய நான்கும் கூட வேண்டும், அதுவும் அதே மேக் ஓஎஸ் பதிப்புக்கு உரியவை. எந்த மேக் ஓஎஸுக்கு எந்த எண் என்று தேடி அலைய வேண்டாம். கிட்ஹப்பில் ஆப்பிளின் வெளியீட்டுக் கணக்கில் டிஸ்ட்ரிபியூஷன்-மேக்ஓஎஸ் என்ற களஞ்சியம் உண்டு. அதில் பதிப்பின் டேகை எடுத்தால் எல்லாப் பகுதிகளும் சரியான எண்ணோடு துணைக் களஞ்சியங்களாக வரும்.

செய்யும் முறை, இன்டெல்லுக்கு:

1. டிட்ரேஸிலிருந்து சிடிஎஃப்கன்வர்ட், சிடிஎஃப்டம்ப், சிடிஎஃப்மெர்ஜ் என்ற மூன்று கருவிகளை மட்டும் தொகுத்து எக்ஸ்கோட்டின் டூல்செயினுக்குள் வையுங்கள்.
2. அவெய்லபிலிட்டிவெர்ஷன்ஸை நிறுவி, வரும் கோப்புகளை எஸ்டிகேக்குள் (எக்ஸ்கோட்டோடு வரும் ஹெடர், நூலகத் தொகுப்பு) நகலெடுங்கள்.
3. எக்ஸ்என்யூவின் ஹெடர்களை மட்டும் முதலில் நிறுவி அவற்றையும் எஸ்டிகேக்குள் சேருங்கள். லிப்பிளாட்ஃபார்மின் ஹெடர்களும் அப்படியே.
4. லிப்டிஸ்பேட்ச்சில் லிப்ஃபயர்ஹோஸ் கெர்னல் என்ற டார்கெட்டைத் தொகுத்து, கிடைக்கும் நூலகத்தை எஸ்டிகேயின் கெர்னல் நூலக அடைவில் வையுங்கள்.
5. கடைசியாக எக்ஸ்என்யூ. make கட்டளையில் எஸ்டிகேரூட் மாறிக்குப் பொது எஸ்டிகேயைக் காட்டுங்கள், கட்டமைப்பாக எக்ஸ்86-64, வகையாக ரிலீஸ் அல்லது டெவலப்மென்ட்.

மூன்றாம் படியைத் தாண்டிவிட்டு நான்காவதுக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. லிப்டிஸ்பேட்ச் தேடும் ஹெடர்கள் கெர்னலுக்குள் இருக்கின்றன, கெர்னல் தேடும் நூலகம் லிப்டிஸ்பேட்ச்சில் இருக்கிறது. அதனால்தான் கெர்னலை இரண்டு முறை தொட வேண்டியிருக்கிறது. எஸ்டிகேயை மாற்றுவதற்கு முன் எக்ஸ்கோட்டின் தனி நகல் ஒன்றை எடுத்து அதில் மட்டும் கை வையுங்கள். மற்ற வேலைகள் கெடாது.

தொகுத்த கெர்னலை மேக்கில் எப்படி ஏற்றுவது?

கேட்டலினா வரை எளிது. ரெக்கவரியில் சிஎஸ்ஆர்யூட்டில் மூலம் எஸ்ஐபியை (சிஸ்டம் கோப்புகளை மாற்றவிடாத பாதுகாப்பு) அணைத்து, ரூட் வட்டை எழுதக்கூடியதாக மவுன்ட் செய்து, கெர்னலை வேறு பின்னொட்டோடு கெர்னல்ஸ் அடைவில் வைத்து, கெக்ஸ்ட் கேச்சைப் புதுப்பித்து, பூட் ஆர்கியூமென்ட்டில் அந்தப் பின்னொட்டைக் கொடுத்தால் போதும். பழைய கெர்னலை அழிக்காதீர்கள். பேனிக் ஆனால் என்விராமை (துவக்க அமைப்புகள் சேமிக்கப்படும் நினைவகம்) மீட்டமைத்தாலே பழையதில் துவங்கிவிடும்.

பிக் சரிலிருந்து சிஸ்டம் வட்டு முத்திரையிடப்பட்டது. கெர்னலும் கெக்ஸ்ட்களும் தனித்தனியாக இல்லாமல் ஒரே கெர்னல் கலெக்ஷனாகப் பிணைக்கப்படுகின்றன. ஆப்பிள் சிலிக்கானில் ஆப்பிளின் டெவலப்பர் தளத்திலிருந்து கெர்னல் டீபக் கிட்டை இறக்கி, அதில் இருக்கும் கெக்ஸ்ட்களோடு உங்கள் கெர்னலை கேஎம்யூட்டில் கொண்டு பிணைக்க வேண்டும். பிறகு ரெக்கவரிக்குப் போய், பாதுகாப்பைத் தளர்த்தி, அதே கருவியால் துவக்கக் கோப்பாகப் பதிய வேண்டும். கிட்டின் பில்ட் எண் உங்கள் மேக் ஓஎஸின் பில்ட் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் கெக்ஸ்ட்கள் தேடும் சிம்பல்கள் கிடைக்காமல் பிணைப்பு முறியும்.

ஆப்பிள் சிலிக்கானில் பாதுகாப்புக் கொள்கை ஒவ்வொரு மேக் ஓஎஸ் நிறுவலுக்கும் தனித்தனி. எனவே வேறொரு ஏபிஎஃப்எஸ் வால்யூமில் இரண்டாவதாக ஒரு மேக் ஓஎஸை நிறுவி அதில் சோதியுங்கள். வேலை பார்க்கும் நிறுவல் முழுப் பாதுகாப்போடு இருக்கும்.

எம்2, அதற்குப் பிந்தைய சிப்களில் இன்னொரு தடையும் உண்டு. சனோமா முதல் பேஜ் டேபிள்களை (நினைவக முகவரிகளின் அட்டவணைகள்) கையாளும் வேலை கெர்னலிடமிருந்து எஸ்பிடிஎம் என்ற தனி மானிட்டருக்குப் போய்விட்டது. அதன் மூலநிரல் இல்லை. ஆக கெர்னலை நீங்கள் தொகுத்தாலும் அதன் கீழே ஒரு மூடிய அடுக்கு இருந்தே தீரும்.

ராஸ்பெரி பையில் ஓடுமா? மூலநிரலில் அதன் சிப் பெயர் இருக்கிறதே?

இருக்கிறது. ஆர்ம் கட்டமைப்புக்கான பகுதிகள் 2017இல் வெளிவந்தன. பின்வந்த பதிப்புகளில் பிசிஎம்2837 என்ற பெயரில், அதாவது ராஸ்பெரி பை 3இன் சிப்புக்கு, ஒரு இயந்திர அமைப்பும் காணப்பட்டது. அதைப் பார்த்து உற்சாகப்படுவது இயல்பு. ஆனால் கெர்னல் எதிர்பார்க்கும் வடிவில் டிவைஸ் ட்ரீயை (வன்பொருள் விவரப் பட்டியல்) தயாரித்துக் கையில் கொடுக்கும் லோடரை நீங்கள்தான் எழுத வேண்டும். பலகையின் டிரைவர்கள், எஸ்டி அட்டை டிரைவர், லாஞ்ச்டி எல்லாம் அதற்குப் பிறகு. சீரியல் கம்பியில் கெர்னலின் முதல் சில வரிகளைப் பார்ப்பதை இலக்காக வைத்தால் நல்ல பயிற்சி.

மேக் செயலிகள் டார்வினில் ஓடுமா?

ஜன்னல் உள்ள எதுவும் ஓடாது. லிப்சிஸ்டத்தை மட்டும் நம்பிய கட்டளைவரி நிரல்கள் ஓட வாய்ப்பு உண்டு. மேக் செயலிகள் நம்பியிருக்கும் கோக்கோ இடைமுகத்தின் திறந்த மாற்று வேண்டுமென்றால் குனூஸ்டெப் இருக்கிறது. மூலநிரலை அதில் மறுபடி தொகுக்க வேண்டும். மேக் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் டார்லிங் திட்டம், டார்வினின் திறந்த நூலகங்களைப் பெருமளவு பயன்படுத்திக்கொள்கிறது. உங்கள் தேவை மேக்கின் கட்டளைவரிக் கருவி ஒன்றை லினக்ஸ் சர்வரில் ஓட்டுவது என்றால் டார்வினைத் தேடாமல் டார்லிங்கை முயலுங்கள்.

உரிமம் தடையா?

மேலே சொன்ன கோர்கிரிப்டோவைத் தவிர்த்தால், இல்லை. டார்வினின் பல பகுதிகள் ஆப்பிளின் ஏபிஎஸ்எல் உரிமத்தில் இருக்கின்றன. முதல் வடிவத்தைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை ஏற்கவில்லை. 2003இல் வந்த 2.0 வடிவத்தை ஏற்றது, ஆனால் லினக்ஸ் கெர்னலின் உரிமமான ஜிபிஎல்லோடு பொருந்தாது. எனவே எக்ஸ்என்யூவின் வரிகளை லினக்ஸ் கெர்னலுக்குள் ஒட்ட முடியாது.

கவனிக்க வேண்டியது ஒன்று. திருத்திய பகுதியைப் பிறருக்குக் கொடுத்தால் மட்டுமல்ல, அதை வைத்து நெட்வொர்க் வழியே பிறருக்குச் சேவை அளித்தாலும் உங்கள் திருத்தங்களை வெளியிட வேண்டும்.

ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே ஓட்டலாம் என்பது மேக் ஓஎஸின் நிபந்தனை. டார்வினின் திறந்த பகுதிகளுக்கு அது பொருந்தாது. ஹாக்கின்டாஷ் அந்த மேக் ஓஎஸையே வேறு கணினியில் ஓட்டுவது, அதனால் அது வேறு விவகாரம்.

சர்வருக்குப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். திருத்தங்களைத் தொகுத்து அனுப்ப யாரும் இல்லை. பிஎஸ்டி மணம் பிடிக்கும் என்றால் ஃப்ரீபிஎஸ்டியைப் போடுங்கள்.

அப்படியானால் இந்த மூலநிரலால் யாருக்கு என்ன பயன்?

நிறையப் பேருக்கு நிறையப் பயன். தனித்தனிப் பகுதிகள் தாங்களாகவே உலகம் சுற்றுகின்றன. 2009இல் அப்பாச்சி உரிமத்தில் வந்த லிப்டிஸ்பேட்ச் ஃப்ரீபிஎஸ்டிக்குப் போனது. லினக்ஸில் ஸ்விஃப்ட் மொழியோடும் வருகிறது. பான்ஜூரின் எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர் ஆண்ட்ராய்டில்கூட இடம்பிடித்தது. எச்எஃப்எஸ் பிளஸ் வட்டை மீட்கும் கருவி எழுதுபவருக்கு ஆப்பிளின் சொந்த நிரலைவிட நம்பகமான ஆவணம் கிடையாது.

மேக்குக்கோ ஐபோனுக்கோ நிரல் எழுதுபவருக்குக் கெர்னலே கையேடு. உங்கள் செயலி நினைவகம் தீர்ந்து கொல்லப்படுகிறதா, எந்த வரிசையில் யாரைக் கொல்வது என்று முடிவெடுக்கும் நிரல் பிஎஸ்டி அடைவுக்குள் மெமரிஸ்டேட்டஸ் கோப்பில் இருக்கிறது. மாக் செய்திகளும் திட்டமிடலும் ஓஎஸ்எஃப்எம்கே அடைவில், சிஸ்டம் கால்களின் முழுப் பட்டியல் பிஎஸ்டியின் கெர்ன் அடைவில், டிரைவர் பொருத்தும் விதம் ஐஓகிட் அடைவில், பலகையை அடையாளம் காணும் பகுதி பிஎக்ஸ்பெர்ட் அடைவில். யுநேம் -a காட்டும் வரியின் கடைசிப் பகுதியில் எக்ஸ்என்யூ எண் இருக்கும். அதே எண்ணுள்ள டேகை எடுத்துப் படியுங்கள். வேறு பதிப்பைத் திறந்தால் பேனிக் அறிக்கை சொல்லும் வரி எண் வேறெங்கோ போய் நிற்கும்.